கேலிக் இடப்பெயர்களைப் பொருளறிந்து பதிவு செய்யும் முறை

ஸ்காட்லாந்தின் கிளென்மோர் பள்ளத்தாக்கில் 810 மீட்டர் உயரத்தில் ஒரு மலை நிற்கிறது. அதன் பெயர் மியல் அ வுவஹில்யெ. ஸ்காட்லாந்தில் பேசப்படும் கேலிக் மொழியில் ‘மியல்’ என்றால் உருண்டு திரண்ட குன்று. இறுதியிலுள்ள ‘வுவஹில்யெ’ மாடு மேய்ப்பவனைக் குறிக்கும். இத்தகைய பெயர்களைப் புதிதாகப் படிக்கத் தொடங்குவோருக்காக இதனை எழுதுகிறேன்.

முதலில் பழைய வரைபடத்தைப் பாருங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் ஒரு மைலை ஆறு அங்குலமாகக் காட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நில அளவை வரைபடங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அவற்றுடன் அக்கால நில அளவைத் துறையினரின் பெயர்ப் புத்தகங்களையும் ஒப்பிடுங்கள். ஒரு பெயரின் வெவ்வேறு எழுத்து வடிவங்களும், அவற்றை உறுதிசெய்தவர் யார் என்பதும் அவற்றில் பதிவாகியுள்ளன. ஆயினும், அளவையாளர் பலருக்குக் கேலிக் தெரியாததால், எழுத்தை மட்டும் நம்பிப் பொருள் சொல்லிவிடக் கூடாது.

அடுத்து, பெயரைப் பிரியுங்கள். பொதுச்சொல் பெரும்பாலும் முன்னே வரும்: ‘பெய்ன்’ மலை, ‘அல்ட்’ ஓடை, ‘இனிவிர்’ ஆற்றின் முகத்துவாரம். நெஸ் ஆறு கடலில் கலக்குமிடமே இன்வெர்னஸ். அழுத்தம் பின்னுள்ள சிறப்புச் சொல்லின் மேல் விழும் என்பதால், அவ்வூரின் பெயரில் ‘நெஸ்’ என்பதே ஓங்கி ஒலிக்கும். சொல்லின் முதல் ஒலி மாறுவதையும் கவனியுங்கள். ‘மோர்’ என்றால் பெரிய. ஆனால் ‘பெய்ன்’ பெண்பாற் சொல்லாதலால் அதன் பின் வரும்போது அது ‘வோர்’ என்று ஒலிக்கும். ஆங்கில வரைபடத்தின் ‘பென் மோர்’ அந்த ஒலியை மறைத்துவிடுகிறது.

நிறச் சொற்களில் அவசரப்படாதீர்கள். ‘கொரொம்’ நீலத்தையும் குறிக்கும், வளரும் புல்லின் பசுமையையும் குறிக்கும். ‘உவன்யெ’ வேறொரு பச்சை. கேர்ன்கார்ம் மலைத்தொடர் முழுவதற்கும் இன்று வழங்கும் பெயர் அதிலுள்ள ஒரே மலைக்கு உரியது; அப்பெயரின் பின்பகுதி இந்தக் ‘கொரொம்’தான். தொடரின் கேலிக் பெயரோ ‘செந்நிற மலைநிலம்’ என்று பொருள்படும். நீலமும் சிவப்பும் எதிரெதிராக நிற்கும் இவ்விடத்தில், அகராதி மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்வோர் தவறுவது உறுதி.

ஆகவே இடத்திற்கே செல்லுங்கள். ‘ஆரி’ என்ற சொல் கோடையில் மாடுகளை ஓட்டிச் சென்று தங்கிய மேய்ச்சல் குடில்களைக் குறிக்கும். அப்பெயருள்ள சரிவில், பழுப்பு நிறப் புதர்களுக்கு நடுவே, தலைமுறை தலைமுறையாய்ச் சாணம் விழுந்து வளம்பெற்ற மண்ணில் ஒரு திட்டுப் புல் இன்றும் தனிப் பசுமையாய் நிற்பதையும், அருகே முழங்கால் உயரக் கல்வரிசை கிடப்பதையும் பல இடங்களில் காணலாம். பெயரின் பொருளுக்கு அந்தப் புல்லைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

இறுதியாக ஒலிப்பதிவு, இதற்கே மிகுந்த கவனம் வேண்டும். அங்கேயே வளர்ந்த கேலிக் பேச்சாளரிடம் ஒப்புதல் பெற்று, பெயரைத் தனியாக இருமுறையும், ‘அங்கே போனேன்’, ‘அங்கிருந்து வந்தேன்’ என்பன போன்ற வாக்கியங்களில் வைத்து ஒருமுறையும் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் முதலில் உச்சரித்துக் காட்டாதீர்கள். மரியாதை கருதி உங்கள் உச்சரிப்பையே அவர் திருப்பிச் சொல்லிவிடக்கூடும். பின்னர், கேட்ட ஒலி, வரைபட எழுத்து, ஆயத்தொலைவு, நாள், அவர் சொன்ன பொருள், நீங்கள் ஊகித்த பொருள் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதுங்கள். கடைசி இரண்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.