பல் பிடுங்கி மறுநாளும் உதடு மரத்தே இருந்தால்

கீழ்க்கடைவாய்ப் பல்லுக்குப் போடும் மரப்பு ஊசி வழக்கமாக 3 முதல் 5 மணி நேரத்தில் தெளிந்துவிடும். மறுநாள் காலையிலும் உதடும் தாடையும் மரத்திருந்தால் மருத்துவருக்குப் போன் போடுங்கள். வேர் சிகிச்சையோ இம்பிளான்ட்டோ (தாடை எலும்பில் திருகு பதித்துப் பல் வைப்பது) செய்தவர்கள் தாமதிக்கவே கூடாது. அடைத்த மருந்தோ திருகோ நரம்பை அழுத்தினால், அதைச் சீக்கிரம் எடுப்பதில்தான் பலன்.

எனக்கு ஞானப்பல் எடுத்த பிறகு வலப்பக்கக் கீழுதட்டில் உணர்வு போனது. தண்ணீர் குடித்தால் ஓரத்தில் வழிவதே தெரியாது. சட்டை நனைந்த பிறகுதான் தெரியும். கண்ணாடி முன் நின்று, பஞ்சைத் திரியாக்கி, உணர்வுள்ள கன்னத்திலிருந்து மரத்த இடம் நோக்கி மெல்ல இழுத்தேன். உணர்வு நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி. சுற்றிலும் இப்படி வைத்து, புள்ளிகளைச் சேர்த்து, தேதியோடு ஒரு போட்டோ. வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். "கொஞ்சம் பரவாயில்லை டாக்டர்" என்பதைவிட அந்தக் கோடு அவருக்கு நிறையச் சொல்லும்.

குறுகுறுப்பு பல சமயம் நரம்பு தேறுவதன் அடையாளம். ஆனால் எரிச்சலாகவோ ஷாக் அடிப்பது போலவோ வலித்தால் சாதாரண வலி மாத்திரை பெரும்பாலும் கேட்காது. நரம்பு வலிக்கான கேபாபென்டின், கார்பமாசெபின் போன்ற மருந்துகள் உண்டு. மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும். அப்புறம், சூடானதை மரக்காத பக்கத்தில் சோதித்துவிட்டுக் குடியுங்கள். சவரத்துக்கு பிளேடு வேண்டாம்.

முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீக்கத்தோடு விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலும் அப்படியே. 2, 3 மாதமாகியும் கோடு நகரவில்லை என்றால் முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணரிடம் அந்தப் போட்டோக்களோடு போங்கள்.