மலை வண்டிக்குள் புதுத் தரையும் புது இருக்கையும்: கேரவன் வேனில் கார்ப்பெட்டை எடுத்து மரவேலை செய்வது எப்படி?

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. ஓட்டு வீட்டுக்குள்ளேயே அப்படி என்றால், வாசலில் நிற்கும் தகர வண்டிக்குள் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எங்களுடையது டெம்போ டிராவலர் வகை வேன். படுக்கை, அலமாரி, சுவருக்குச் சுவர் கார்ப்பெட் என்று முன்பிருந்தவரே கேரவனாக மாற்றிப் பதிவும் செய்து வைத்திருந்தார். வாங்கிய இரண்டாவது மழைக்காலத்தில் உள்ளே ஒரு வாடை வந்தது. கற்பூரம், ஊதுபத்தி, பூச்சி உருண்டை எதற்கும் அது அடங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரும் கதவின் ஓரமாகக் கார்ப்பெட்டின் மூலையைப் பட்டித் தகட்டால் நெம்பினேன். அடியில் ஒரு சணல் விரிப்பு இருந்தது. கட்டைவிரலால் அழுத்தியதும் விரலிடுக்கில் தேநீர் நிறத்தில் நீர் கசிந்தது. விரிப்பைத் தூக்கினால் தகரம் முழுக்கத் துரு. அந்தத் துருவில் சணல் நெசவின் கட்டங்கள் ஒவ்வொன்றும் அச்சாகப் பதிந்திருந்தன. மேலே இருந்த கார்ப்பெட்டோ தொட்டால் காய்ந்தே இருந்தது. மேலே ஒன்றும் தெரியாமல் அடியில் வண்டியைத் தின்றுகொண்டிருந்தது அது.

அன்று எடுத்த முடிவுதான் இந்த விளக்கம் முழுவதற்கும் அடிப்படை: மலையில் ஓடும் வண்டிக்குள், திரும்பக் கழற்ற முடியாதபடி எதையும் ஒட்டக் கூடாது. கீழே சொல்வதில் எதைச் சுருக்கினாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வேலைக்கு முன்

முதலில் பதிவுச் சான்றை எடுத்து இருக்கை எண்ணிக்கையைப் பாருங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. பழைய அலமாரிக்குப் பதில் அதே இடத்தில் புதிய அலமாரி வைப்பது வேறு. பயணிகள் இருக்கையை எடுத்துவிட்டுக் கட்டில் போடுவது வேறு. இரண்டாவதைச் செய்வதாக இருந்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்ற பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள். சீட் பெல்ட் உள்ள இருக்கைகளையும் அவற்றின் போல்ட்டுகளையும் தொடவே வேண்டாம். நாம் செய்யும் மரப் பெஞ்சு வண்டி நிற்கும்போது உட்காரவும் இரவில் படுக்கவும் மட்டுமே. ஓடும் வண்டியில் அதில் யாரும் அமரக் கூடாது.

அடுத்தது காலம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரைதான் இந்த வேலைக்கு உகந்த காலம். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. கூடலூர், பந்தலூர்ப் பக்கமோ ஜூனிலேயே கொட்டத் தொடங்கிவிடும். உங்கள் ஊர் மழையைக் கணக்கில் வைத்து நாள் குறியுங்கள். வெயில் காலத்திலும் காலை பத்து மணிக்கு முன்பும் மாலை மூன்று மணிக்குப் பின்பும் பெயின்ட் அடிக்க வேண்டாம். மூடுபனி இறங்கும் நேரத்தில் தகரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும். அதன்மேல் அடித்த பெயின்ட் சில மாதங்களில் உரிந்து வரும்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்தல்

தொடக்கத்தில் பலர் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் புதுத் தரை போட்டால், செலவு செய்து பழைய நோயையே திரும்ப வாங்குகிறோம்.

இரண்டு பேர் வேண்டும். வெயிலடித்த நாளில், ஜன்னல்களின் கீழும் தரையின் ஓரங்களிலும் செய்தித்தாளை விரியுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே இருக்க வேண்டும். மற்றவர் வெளியிலிருந்து குழாயால் தண்ணீர் விட வேண்டும். எப்போதும் கீழிருந்து மேலே போங்கள்: முதலில் கதவின் அடிப்பாகம், ஐந்து நிமிடம் கழித்து ஜன்னல் ரப்பர், அதன் பிறகு கூரை விளிம்பு, கடைசியாகக் கூரை. மேலிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்துவிடும். எந்த உயரத்தில் ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது. செய்தித்தாளில் ஒரு சொட்டு விழுந்தாலும் கருமையாகத் தெரியும்.

எங்கள் வண்டியில் ஈரம் கதவோரம் இருந்ததால் கதவு ரப்பரைத்தான் சந்தேகித்தேன். உண்மையில் கூரைக் கேரியரின் ஒரு போல்ட் வழியாக நீர் இறங்கி, உட்பலகைக்குப் பின்னால் வழிந்து, கதவோரம் வந்து சேர்ந்திருந்தது. புதிய கதவு ரப்பர் வாங்கியிருந்தால் அந்தப் பணம் வீண்தான். ஓட்டையைக் கண்டுபிடித்ததும் பழைய சீலன்ட்டை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, பாலியூரித்தேன் சீலன்ட் வையுங்கள். பழைய சிலிக்கானின் மேல் புதிதாக எதைப் பூசினாலும் பிடிக்காது.

கழற்றுதல்

கேஸ் சிலிண்டரை வெளியே எடுத்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். அலமாரிக்குள் ஓடும் ஒயர்களைக் கைப்பேசியில் படம் பிடித்து, ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள்.

முதலில் மெத்தைகள், பிறகு கதவுகள், இழுப்பறைகள், மேல் அலமாரிகள், கடைசியாகத் தரையோடு பிணைந்த பெட்டிகள் என்று வாருங்கள். ஒவ்வொரு பகுதியின் திருகாணிகளையும் தனித்தனி டப்பாவில் போட்டு, எங்கிருந்து வந்தவை என்று எழுதி வையுங்கள். இறுகிப்போன போல்ட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாள் இரவே அடித்து விடுங்கள். அவசரத்தில் முறுக்கி போல்ட் தலை முறிந்தால் அரை நாள் வேலை கூடும். பழைய பலகைகளை உடனே விறகாக்கிவிட வேண்டாம். சக்கர வளைவுக்கும் சுவர் வளைவுக்கும் வெட்டிய அளவுகள் அவற்றில்தான் இருக்கின்றன.

கார்ப்பெட்டை முழுதாக இழுத்தால் வராது. கத்தியால் ஓர் அடி அகலப் பட்டைகளாகக் கீறி, சுருட்டிக்கொண்டே இழுங்கள். அடியில் ஒயர் ஓடலாம் என்பதால் கத்தி ஆழமாக இறங்கக் கூடாது. பூஞ்சை படிந்திருக்கும், முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். மிஞ்சிய பசையை வெந்நீர் ஒற்றடத்தாலோ ஹேர் டிரையராலோ இளக்கிச் சுரண்டலாம். அதற்கும் வராததை டர்பன்டைன் நனைத்த துணியால் துடையுங்கள். அப்போது எல்லாக் கதவுகளும் திறந்திருக்க வேண்டும். ஹேர் டிரையரோ நெருப்போ பக்கத்தில் இருக்கக் கூடாது.

துரு

கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, உதிர்வதெல்லாம் உதிரும் வரை விடாதீர்கள். திருப்புளி முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அங்கே தகரம் போய்விட்டது. வெல்டிங் வைப்பவரிடம் காட்டுங்கள். உறுதியாக இருந்தால், மிஞ்சிய துருவைக் கெட்டிப் படலமாக மாற்றும் ‘துரு மாற்றி’ திரவத்தைப் பூசி, அதன் மேல் ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு பூச்சு, எனாமல் இரண்டு பூச்சு. டப்பாவில் போட்டிருக்கும் உலரும் நேரம் மலைக்கு ஒத்துவராது. நான் ஒவ்வொரு பூச்சுக்கும் அதைப் போல இரு மடங்கு நேரம் விட்டேன்.

தரை

ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டில் 9 மி.மீ. போதும். போடுவதற்கு முன் பாலியூரித்தேன் வார்னிஷ் இரு பக்கமும் இரண்டு பூச்சு, விளிம்புகளுக்கு மூன்று பூச்சு கொடுங்கள். பிளைவுட் தண்ணீர் குடிப்பது விளிம்பின் வழியாகத்தான். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே, யோகா பாய் போலத் தோன்றும், நீர் உறிஞ்சாத எக்ஸ்.எல்.பி.இ. ஷீட்டை விரியுங்கள். குளிர்ந்த நீர் ஊற்றிய சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போலத்தான், இரவில் நம் மூச்சுக்காற்று குளிர்ந்த தகரத்தைத் தொட்டதும் நீராகிறது. அந்த ஷீட் சூடான காற்றையும் தகரத்தையும் பிரித்து வைக்கும்.

சுவரோரம் 5 மி.மீ. இடைவெளி விட்டு, இருக்கும் பழைய துளைகளிலேயே போல்ட் போடுங்கள். புதுத் துளை தவிர்க்க முடியாததாக இருந்தால், முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டீசல் டாங்க், பிரேக் குழாய், ஒயர்க் கட்டு எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. துளையிட்ட விளிம்புக்கு உடனே பிரைமர் தடவுங்கள்.

மேலே, பஸ்களில் போடுவது போன்ற சொரசொரப்பான 2 மி.மீ. வினைல். செய்தித்தாள்களை ஒட்டித் தரைக்கு அச்சு எடுத்து, வினைலை வெயிலில் அரை மணி நேரம் விரித்து இளக விட்டு, எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் கூட்டி வெட்டுங்கள். ஓரிரவு உள்ளே விரித்து வைத்து, மறுநாள் ஓரத்தை நறுக்குங்கள். முழுவதும் பசை பூச வேண்டாம். சுற்றிலும் அலுமினிய பீடிங் (ஓரத்தை அழுத்திப் பிடிக்கும் பட்டை) போட்டுத் திருகாணியால் பிடித்தால் போதும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு பக்க பீடிங்கைக் கழற்றி, தூக்கிப் பார்க்கலாம்.

காலுக்குக் கதகதப்பு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு யோசனை: பவானி ஜமுக்காளம். கடையில் விற்கும் எந்தக் கார்ப்பெட்டையும்விட மலை வண்டிக்கு அது பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம். பருத்தி ஈரம் குடிக்கும், உண்மைதான். ஆனால் காலையில் சுருட்டி எடுத்து வெயிலில் தேயிலைச் செடிமேல் விரித்தால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். அடியில் வழுக்காத ரப்பர் வலை போடுங்கள். ஓட்டுநரின் கால் பக்கம் எந்த விரிப்பும் வேண்டாம். பிரேக் மிதிக்கு அடியில் சுருண்டால் ஆபத்து.

மரவேலை

நான் 18 மி.மீ. பலகைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையத்து ஆசாரியிடம் போனேன். அவர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “வீட்டு அலமாரிக்கு இது சரி தம்பி. மலை ஏறுகிற வண்டிக்கு எதற்கு இவ்வளவு கனம்?” எட்டுக்கு நான்கு அடி 18 மி.மீ. பிளைவுட் 30 கிலோவைத் தாண்டும், 12 மி.மீ. 20 கிலோவுக்குச் சற்று மேல். ஐந்து பலகைக்கு ஏறக்குறைய ஓர் ஆளின் எடை மிச்சம். கொண்டை ஊசி வளைவில் பிரேக் சூடாகி இறங்கும்போது அந்த எடையின் அருமை தெரியும். பெட்டிகளுக்கு 12 மி.மீ., கதவுகளுக்கு 9 மி.மீ. என்று முடிவானது. தூள் பலகையும், மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும் இங்கே வேண்டாம். ஈரம் பட்டால் பொரி போல உப்பிவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பச்சை சில்வர் ஓக் சட்டம் வாங்கினாலும் தொல்லை; காயக் காய முறுக்கிக்கொள்ளும்.

தொடக்கத்தில் ஒரே ஒரு பெஞ்சுப் பெட்டி செய்யுங்கள். ஆறடி நீளம், 22 அங்குல அகலம். மெத்தையோடு சேர்த்து உட்காரும் உயரம் 18 அங்குலம். அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒட்டி, இதே அளவில் ஒரு மாதிரி செய்து வண்டிக்குள் வைத்து உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் எதிர்ப்பக்கம் இடிக்கிறதா, கதவு முழுதாகத் திறக்கிறதா, அவசர வழியை மறைக்கிறதா என்பதெல்லாம் அட்டையிலேயே தெரிந்துவிடும்.

மேற்பரப்புக்கு முழுப் பலகை வேண்டாம். இரண்டரை அங்குல ரீப்பர்களை (மரப் பட்டைகளை) இரண்டு அங்குல இடைவெளியில் அடியுங்கள். மெத்தையின் அடிப்பக்கம் மூச்சு விடும். பெட்டியின் முதுகுக்கும் வண்டிச் சுவருக்கும் இடையே ஓர் அங்குலம் விட்டு, முதுகுப் பலகையில் மேலும் கீழும் ஒன்றரை அங்குலத் துளைகள் போடுங்கள். பெட்டியை வண்டியோடு பிணைப்பதற்கு, வெறும் பலகையில் ஏறும் திருகாணியை நம்பாதீர்கள். தரைச் சட்டத்தைப் பிடிக்கும் 8 மி.மீ. போல்ட், அடியில் அகல வாஷர், தளராத நைலான் நட்டு மூன்றும் வேண்டும்.

கதவுகளுக்கு வீட்டில் போடும் காந்தப் பிடி போதாது. வளைவில் திரும்பும்போது பக்கவாட்டு அலமாரிகளின் கதவுகள் திறக்கும். இறக்கத்தில் பிரேக் போட்டால் முன்பக்கம் பார்த்த இழுப்பறைகள் பாய்ந்து வரும். எனவே எல்லாவற்றுக்கும் அழுத்திப் பூட்டும் பிடியோ சிறு கொண்டியோ போடுங்கள். இழுப்பறைகளை முன்னோக்கி வைக்காதீர்கள். தண்ணீர் டாங்க், பேட்டரி போன்ற கனமானவை தரையோடு தரையாக, இடமும் வலமும் சமமாக இருக்கட்டும். 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் பெட்டியைப் படுக்கைப் பக்கம் முற்றிலும் அடைத்து, அதன் அடியில் வெளிக்காற்றுக்குத் திறக்கும் துளை வையுங்கள்.

மெத்தை

40 அடர்த்தி நுரை, நான்கு அங்குலம். மேல்பக்கமும் பக்கவாட்டும் தடித்த பருத்தித் துணி, அடிப்பக்கம் காற்றுப் புகும் வலைத்துணி, துவைக்கக் கழற்றுவதற்கு ஜிப். ரெக்சின் துடைக்க எளிது. ஆனால் குளிர் இரவில் பனிக்கட்டி மேல் படுத்தது போலிருக்கும். ஆறடிக்கு ஒரே மெத்தை தைக்காமல் மூன்று துண்டுகளாகத் தைத்தால், வெயிலில் போட ஒருவரே தூக்கிச் செல்லலாம்.

முதல் மலையிறக்கம்

எல்லாம் பொருத்தியதும் தண்ணீர் டாங்கை நிரப்பி, அலமாரிகளில் பாத்திரங்களோடு ஒருமுறை மேட்டுப்பாளையம் வரை இறங்கி ஏறுங்கள். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். உடன் வருபவர் சீட் பெல்ட் போட்டு முன் இருக்கையில் அமர்ந்து, எங்கிருந்து கிறீச்சிடுகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். வீடு திரும்பியதும் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். புதுப் பலகை சற்று அமுங்கியிருக்கும். உரசும் இடங்களில் துண்டு ஃபெல்ட் ஒட்டுங்கள்.

பிறகு முதல் பெருமழை பெய்த மறுநாள் காலை, ஜமுக்காளத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, நகரும் கதவோரத்து பீடிங்கின் இரண்டு திருகாணிகளைக் கழற்றி, வினைலுக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள்.