நீர்புகாக் காலுறை வாங்கப் போகிறீர்களா? முதலில் சப்பாத்தைப் பாருங்கள்

மலேசியாவில் தாப்பா மாதிரி தோட்டப்புற ஊரில் இருப்பவர்களுக்குக் காடு தூரமில்லை. ஞாயிற்றுக்கிழமை குவாலா வோ பக்கம் ஆற்றோரமாக நடக்கலாம். விடியற்காலையில் வண்டியை எடுத்தால் கேமரன் மலைக்கு ஏறி ஈராவ் சிகரப் பாதையின் சேற்றில் இறங்கலாம். பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) உரிமமும் துப்பாக்கி உரிமமும் உள்ளவர்கள் செம்பனைக்குள் காட்டுப்பன்றிக்குக் காத்திருப்பார்கள். மூன்றிலும் கால் நனையும். ஆனால் மூன்றுக்கும் ஒரே காலுறை சரிவராது. இது தெரியாமல் நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கிவிட்டு, ஒரே தடவை போட்டு அலமாரியில் எறிந்தவர்கள் நம் பக்கம் நிறைய. அதனால்தான் புதிதாகக் காட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்காக இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உண்மையான நீர்புகாக் காலுறைக்கு மூன்று அடுக்கு. வெளியே நைலோன் பின்னல், உள்ளே மெரினோ கம்பளி அல்லது மூங்கில் இழை, நடுவில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சவ்வு. வேலை செய்வது அந்தச் சவ்வுதான். தண்ணீரை உள்ளே விடாது, கால் வியர்வையின் ஆவியை மட்டும் வெளியே விடும். சீல்ஸ்கின்ஸ், டெக்ஸ்‌ஷெல் போன்ற நிறுவனங்களின் காலுறைகள் இப்படிச் செய்யப்பட்டவை. இணையக் கடைகளில் 'காலிஸ் ஆயிர்' (மலாயில் 'நீர்புகாதது') என்று போட்டு இருபது வெள்ளிக்கு விற்பதையெல்லாம் நம்பிவிடாதீர்கள். சவ்வு, மூன்று அடுக்கு என்று விவரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நியோப்ரீன் காலுறை வேறு வகை. அது தண்ணீரைத் தடுக்காது, உள்ளே வந்த தண்ணீரைக் காலோடு சேர்த்துக் கதகதப்பாக வைத்திருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: போகிற இடத்தின் சூட்டைக் கணக்கில் எடுங்கள்

இதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். காலுறைக்கு உள்ளே சூடும் ஈரமும் கூடுதலாகவும், வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஆவி சவ்வைத் தாண்டி வெளியேறும். தாப்பா, பீடோர் பகுதியில் பகல் வெயில் 32 பாகை வரும், காற்றிலும் ஈரம் ததும்பும். அப்போது உள்ளுக்கும் வெளிக்கும் பெரிய வித்தியாசமே இருக்காது. வெளித் தண்ணீர் வராவிட்டாலும் சொந்த வியர்வையிலேயே பாதம் ஊறிப்போகும். பகல் முழுக்க ஊறினால் தோல் வெளுத்துச் சுருங்கி, விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும்.

கேமரன் மலையில் கதை வேறு. ஈராவ் உச்சி 2,110 மீட்டர். பாசிக்காட்டுப் பாதையில் கணுக்கால் புதையும் சேறு, மேலே எந்நேரமும் மேகம். அந்தக் குளிரில் நனைந்த கால் விறைக்கும். அங்கேதான் இந்தக் காலுறை கொடுத்த காசுக்கு வேலை செய்யும். ஆகவே என் கருத்து இதுதான்: குளிர்ந்த மலைக்கு வாங்குங்கள். தாழ்நிலத்தில் பகல் நடைக்கு மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் காலுறையே போதும். நனையட்டும், நடக்க நடக்கக் காயும். பருத்தி மட்டும் எங்கேயும் வேண்டாம், தண்ணீரைக் குடித்துக்கொண்டு விடவே விடாது.

மூன்றாம் படி: எந்தச் சப்பாத்தோடு போடப் போகிறீர்கள்?

நம் ஆட்களுக்குப் பிடித்தது 'அடிடாஸ் கம்போங்', அதாவது பால்மரம் வெட்டுகிறவர்கள் போடும் அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்து. வழுக்காது, விலையும் மலிவு. ஆனால் ரப்பருக்குள் நீர்புகாக் காலுறையைப் போட்டால், சவ்வு வெளியே தள்ளும் ஆவிக்குப் போக்கிடம் கிடையாது. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸுக்கும் இதே கதிதான். அதற்குள் தடித்த கம்பளிக் காலுறை போடுவதே சரி.

வலைத்துணி வைத்த இலகுவான சப்பாத்துதான் இதற்கு நல்ல ஜோடி. தண்ணீர் உள்ளே வரும், நடக்க நடக்க வடிந்தும் போகும், கால் மட்டும் காய்ந்திருக்கும்.

வேட்டைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலுறை நீரைத் தடுத்தாலும், வலைத்துணிச் சப்பாத்து வடிந்து முடியும்வரை அதற்குள் தண்ணீர் நிற்கும். அடியெடுத்து வைக்கும்போது 'சளக் சளக்' என்று கேட்கும், பன்றி அதைக் கேட்டே ஓடிவிடும். செம்பனைக் காட்டில் காத்திருக்க ரப்பர் பூட்ஸே மேல்.

நான்காம் படி: உயரமும் அளவும்

கணுக்கால் உயரத்தில் வருவதை வாங்கவே வேண்டாம். முதல் ஓடையிலேயே மேல்வழியாகத் தண்ணீர் புகுந்துவிடும், பிறகு வெளியேற வழியில்லாமல் காலுறை வாளி மாதிரி ஏந்திக்கொண்டு நிற்கும். குறைந்தது அரைக் கெண்டைக்கால் உயரம் வேண்டும். மேல் விளிம்பில் சிலிக்கோன் பட்டை இருந்தால் தெறிப்பைத் தடுக்கும், முங்கினால் தடுக்காது. முழங்கால் ஆழ ஆற்றைக் கடக்கும் பாதையா? அங்கே நீர்புகாக் காலுறையையே மறந்துவிடுங்கள்.

சாதாரணக் காலுறைபோல இது இழுபடாது. பெரிதாக வாங்கினால் மடிப்பு விழுந்து கொப்புளம் போடும், சிறிதானால் விரல்களை நெரிக்கும். சப்பாத்தும் அரை அளவு பெரிதாக இருக்க வேண்டியிருக்கும். முடிந்தால் கடைக்கே காலுறையைக் கொண்டுபோய்ச் சப்பாத்தைப் போட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் படி: வீட்டில் வாளிச் சோதனை

வாங்கிய அன்றே செய்யுங்கள், கடையில் மாற்ற அவகாசம் இருக்கும். காலுறைக்குள் காற்றை அடைத்து, மேல்வாயை முறுக்கிப் பிடித்து, பாதப் பகுதியை வாளித் தண்ணீருக்குள் அமுக்குங்கள். முதலில் எல்லாப் பக்கமும் சின்னச் சின்னக் குமிழிகள் வரும். வெளிப் பின்னலில் மாட்டியிருந்த காற்று அது, பயப்படாதீர்கள். கையால் தடவிவிட்டால் நின்றுவிடும். அப்புறம் மெதுவாக நெருக்குங்கள். ஒரே புள்ளியிலிருந்து வரிசையாகக் குமிழி வந்தால் அங்கே ஓட்டை. விரல் நுனியையும் தையல் ஓரத்தையும் கவனமாகப் பாருங்கள்.

ஆறாம் படி: போடும் வரிசை

அட்டைக்குப் பயந்து கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுவது நம் பழக்கம். நீர்புகாக் காலுறையில் அது ஆகாது. மழைநீர் கால்சட்டை வழியாக இறங்கி நேராக உள்ளே போய்விடும். முதலில் நீர்புகாக் காலுறை, அதன்மேல் கால்சட்டை, இரண்டையும் மூடி முழங்காலுக்குக் கீழே கட்டும் அட்டை உறை, கடைசியாகச் சப்பாத்து. இப்படிப் போட்டால் மழையும் வராது, அட்டையும் நுழையாது.

ஏழாம் படி: நடுவிலும் முடிவிலும்

சாப்பிட உட்காரும்போது கழற்றுங்கள். காலைத் துடைத்துக் கொஞ்சம் காற்றாட விட்டு, பையிலுள்ள காய்ந்த காலுறைக்கு மாறலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். கொப்புளம் வந்தாலும் அவர்களுக்கு வலி தெரியாமல் போகலாம், பாதத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றுத் தண்ணீரில் இறங்காதீர்கள். எலிச் சிறுநீர்க் கிருமி புண் வழியாக எளிதில் ஏறும், காலுறையை மட்டும் நம்பி இருக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் பச்சைத் தண்ணீரில் கையால் அலசுங்கள். துணி மென்மையாக்கி, குளோரோக்ஸ் (வெளுப்பான்) எதுவும் வேண்டாம். முறுக்கிப் பிழியாதீர்கள், சவ்வு பிரிந்துவிடும். முதலில் உள்பக்கத்தைத் திருப்பிக் காயவைத்து, அது காய்ந்ததும் வெளிப்பக்கம். நிழலில் மட்டும். மணல் துகள் ஒட்டியிருந்தால் உதறிவிடுங்கள், நடக்கும்போது அதுவே சவ்வை அரைக்கும். அடுத்த பயணத்துக்கு முந்தின இரவு கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். உள்ளிருந்து விழும் ஓட்டை பெரும்பாலும் கட்டைவிரல் நகத்தால்தான்.