கமலை இறைக்கும் நாள்: ஊரின் பழைய வாழ்க்கையை நடத்திக் காட்டும் விழாவுக்கு ஒரு வழிகாட்டி

பழைய வாழ்க்கையைக் காட்டும் விழா என்றாலே கலப்பை, உரல், பானை என்று பந்தலில் அடுக்கிவைத்துவிடுகிறார்கள். வருகிறவர்களும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதைவிட, ஒரு காலத்தையும் அந்தக் காலத்து வேலை ஒன்றையும் தேர்ந்தெடுத்து, அதை உண்மையாகவே செய்து காட்டுவது மேல். 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்டு மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கம் வாய்க்கால் தண்ணீர் பாய்ந்த பிறகும், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களில் பல ஊர்களுக்குக் கிணறும் கண்மாயும்தான் கதியாக இருந்ததால், அங்கே கமலை இறைப்பை, அதாவது மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பதை, எடுத்துக்கொள்ளலாம்.

முதலில், கமலை இறைத்துப் பழகிய பெரியவர்களைத் தேடிப்பிடித்து, வடம் (மாடுகள் சாலை இழுக்கும் பருத்த கயிறு), வால்கயிறு (தோல்வாலில் கட்டும் மெல்லிய கயிறு), சால் (தண்ணீர் அள்ளும் பெரிய பாத்திரம்), தோல்வால் (சாலின் அடியில் தண்ணீர் வெளியேறும் தோல் குழாய்) ஆகியவற்றை அவர்கள் சொல்கிறபடியே செய்துகொள்ள வேண்டும். சால் நிரம்பியதும் மாடுகள் சரிவில் இறங்கும். இறைப்பவர் வடத்தின்மேல் உட்கார்ந்து தம் எடையையும் கொடுப்பார். சால் மேலே வந்ததும் தோல்வால் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். பிறகு மாடுகள் திரும்பாமல், பின்னோக்கி நடந்தே மேட்டில் ஏற வேண்டும். வண்டி மாட்டுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. ஜல்லிக்கட்டுக் காளையைக் கொண்டுவந்து நிறுத்துவது வேடிக்கைக்குக்கூட உதவாது. எனவே பல வாரங்களுக்கு முன்பே ஒரு சோடி மாட்டை வெறும் சால் கட்டிப் பழக்கத் தொடங்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்குப் பின் கிணற்றில் தண்ணீர் நிற்கும் தை அல்லது மாசி மாதம் இதற்கு ஏற்றது. கிணற்றின் சுற்றுச்சுவரைக் கொத்தனாரிடம் காட்டிச் சரிசெய்து, கூட்டம் நெருங்காதபடி தடுப்புக் கட்டுவதை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடக் கூடாது. உச்சி வெயிலில் மாட்டைப் பூட்டாமல், அந்த நேரத்தில் கம்பு இடிப்பதை வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் மாற்றுலக்கை போடும்போது உலக்கைகள் மோதாமல் விழ வேண்டும். வந்தவர்களையும் இடிக்கச் சொல்லி, இடித்த கம்பையே கூழாகக் காய்ச்சிக் கொடுக்கலாம்.

எந்தக் கிணற்றில் எவரைத் தண்ணீர் எடுக்க விடவில்லை என்பதையும், 1876–78 தாது வருடப் பஞ்சத்தையும் சொல்லாமல் அந்தக் காலத்தைப் பொற்காலமாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவற்றைப் பலகையில் எழுதி வைப்பதைவிட, கிணற்றடியில் நின்று ஒருவர் சொல்வது நல்லது.

இறைப்பவரின் பாட்டை விழாவுக்கு முன்பே அமைதியான ஓர் இடத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். அன்றைக்கு ஒலிபெருக்கியைக் கிணற்றருகே கட்ட வேண்டாம். பாட்டு காதில் விழாது, மாடும் மிரளும்.