வீட்டிலேயே பீர் தயாரித்தல்: முதல் பத்து லிட்டருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் பீர் தயாரிக்கத் தொடங்குபவர்களின் கவனமெல்லாம் பெரும்பாலும் அடுப்பைச் சுற்றியே இருக்கிறது. எவ்வளவு பெரிய பாத்திரம் வாங்குவது, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களில் எந்த வகையைப் போடுவது, எத்தனை நிமிடம் கொதிக்க விடுவது என்றுதான் கேட்கிறார்கள். அந்த வேலை அரை நாளில் முடிந்துவிடும். அதில் சற்றுப் பிசகினாலும் பெரிய கேடு நேராது. பீர் நன்றாக வருமா, வாயில் வைக்க முடியாமல் போகுமா என்பது அடுப்பை அணைத்த பிறகு வரும் மூன்று நாட்களில்தான் தீர்மானமாகிறது.

தொடங்குமுன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்காகப் பீர் தயாரிப்பதைச் சில நாடுகள் ஓர் அளவுவரை அனுமதிக்கின்றன. சில இடங்களில் உரிமம் வேண்டும். சில இடங்களில் அது குற்றம். அமெரிக்காவிலேயே 1978ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்துக்குப் பிறகுதான் கூட்டரசு அளவில் இதற்கு வழி பிறந்தது. அனுமதி உள்ள இடங்களிலும் விற்பனைக்கு வேறு விதிகள் உண்டு. நொதித்ததைக் காய்ச்சி வடிப்பது முற்றிலும் வேறு காரியம். அதன் பக்கம் போகவே வேண்டாம்.

பீருக்கு வேண்டியவை நான்கே பொருட்கள்: தண்ணீர், பார்லி மால்ட், ஹாப்ஸ், சர்க்கரையை ஆல்கஹாலாகவும் வாயுவாகவும் மாற்றும் நுண்ணுயிரான ஈஸ்ட். பவேரியாவில் 1516இல் பிறப்பிக்கப்பட்ட புகழ்பெற்ற பீர் ஆணை முதல் மூன்றை மட்டுமே குறிப்பிட்டது. ஈஸ்ட் என்ன செய்கிறது என்று அன்று யாரும் அறிந்திருக்கவில்லை. அதன் வேலையை லூயி பாஸ்டர் 19ஆம் நூற்றாண்டில் விளக்கினார். கோபன்ஹேகனில் இருந்த கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் தூய ஈஸ்ட் வகையைத் தனியே பிரித்தெடுத்தார். கடைசியாகக் கண்டுகொள்ளப்பட்ட அந்த ஈஸ்டைத்தான் புதிதாகத் தொடங்குபவர்கள் இன்றைக்கும் கடைசியாக நினைக்கிறார்கள்.

பார்லியை ஊறவைத்து, முளைவிடச் செய்து, பின் உலர்த்தினால் மால்ட் கிடைக்கும். அதை உடைத்து 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால், மால்ட்டிலேயே உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. அந்த இனிப்பு நீருக்கு வோர்ட் என்று பெயர். முதல் தடவை இந்தக் கட்டத்தைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. வோர்ட்டை உலர்த்திப் பொடியாக்கி மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என்று விற்கிறார்கள். அதைப் பயன்படுத்துவதில் குறுக்கு வழி என்று வெட்கப்பட ஒன்றுமில்லை. அதனால் மிச்சமாகும் கவனத்தை ஈஸ்ட்டின் மேல் செலுத்தலாம்.

வாங்க வேண்டியவை

பத்து லிட்டர் வெளிர்நிற ஏல் வகைப் பீருக்கு 1.2 கிலோ மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பொடி, நிறத்துக்கும் லேசான கேரமல் சுவைக்கும் 200 கிராம் உடைத்த கிரிஸ்டல் மால்ட், கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலம் 6 சதவீத அளவில் உள்ள ஹாப்ஸ் 35 கிராம், ஏல் ஈஸ்ட் ஒரு பொட்டலம் ஆகியவை போதும். கருவிகளில் 15 லிட்டருக்குக் குறையாத பாத்திரம், ஏர்லாக் (உள்ளிருக்கும் வாயுவை வெளியேவிட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத அடைப்பு) பொருத்தக்கூடிய மூடியுடன் உணவுத்தர பிளாஸ்டிக் வாளி, வெப்பமானி, திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், பீரை வாளியிலிருந்து இறக்குவதற்கு ஒரு சைஃபன் குழாய், பாட்டில் மூடி அழுத்தும் கருவி, கிருமிநீக்கி ஆகியவை வேண்டும். சிக்கனம் பார்ப்பதென்றால் பாத்திரத்தில் பார்க்கலாம். வெப்பமானியிலும் ஹைட்ரோமீட்டரிலும் பார்க்கக் கூடாது.

கழுவுவதும் கிருமிநீக்குவதும்

இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். கண்ணுக்குத் தெரியும் அழுக்கை நீக்குவது கழுவுதல். கழுவிய பரப்பில் எஞ்சியுள்ள நுண்ணுயிர்களைக் குறைப்பது கிருமிநீக்கம். அழுக்கின் மேல் கிருமிநீக்கியை ஊற்றினால் பயனில்லை. அடுப்பில் கொதிக்கும்வரை இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, ஏனெனில் கொதியே அந்த வேலையைச் செய்துவிடும்; ஆனால் அடுப்பை அணைத்த நொடியிலிருந்து வோர்ட்டைத் தொடும் ஒவ்வொரு பொருளும், கரண்டியும் குழாயும் ஈஸ்ட் பொட்டலத்தை வெட்டும் கத்தரிக்கோலும் உட்பட, கிருமிநீக்கியில் நனைந்திருக்க வேண்டும். அலசத் தேவையில்லாத, பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த கிருமிநீக்கிகளே வசதியானவை. வீட்டு பிளீச்சைத் தவிர்ப்பது நல்லது. சரியாக அலசாவிட்டால் அதன் குளோரின் பீரில் மருந்து நெடியை உண்டாக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் வந்தாலும் இதே கதைதான். பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் மாத்திரையில் ஒரு சிறு துணுக்கைக் கரைத்தால் அது நீங்கிவிடும்.

வாளியின் உட்புறத்தைக் கம்பி நாரால் தேய்க்கக் கூடாது. பிளாஸ்டிக்கில் விழும் கீறலுக்குள் புகுந்து தங்கும் பாக்டீரியாவை எந்தக் கிருமிநீக்கியாலும் முழுமையாக எட்ட முடியாது.

அடுப்பு வேலை

பாத்திரத்தில் 12 லிட்டர் தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி, கிரிஸ்டல் மால்ட்டை ஒரு துணிப்பையில் கட்டி அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். வெப்பம் 77 டிகிரியைத் தாண்டினால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும். பிறகு பையை எடுத்துவிட்டு, தண்ணீர் கொதி வரும் நேரத்தில் அடுப்பை அணைத்து, மால்ட் பொடியைக் கொட்டிக் கிளற வேண்டும். அணைக்காமல் கொட்டினால் அது அடியில் போய் ஒட்டிக் கருகும். இந்தப் பொடிக்கு ஈரம் ஆகாது: நீராவி பட்ட மறுகணமே பையின் வாயிலேயே மிட்டாய் போல் இறுகி, கரண்டியிலும் விரல்களிலும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பையை அகலமாக வெட்டி, தயங்காமல் ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டும்.

மீண்டும் அடுப்பை ஏற்றியதும் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. மேற்பரப்பில் முதலில் மெல்லிய பழுப்பு நுரை ஆடைபோல் படரும். பாத்திரத்தின் விளிம்பில் சிறு குமிழிகள் சலசலக்கும். பிறகு சில நொடிகளில் அந்த நுரை முழுவதும் ஒன்றாக எழும்பி விளிம்பைத் தாண்டிவிடும். தீயைக் குறைத்து, கொஞ்சம் குளிர்ந்த நீரைத் தெளித்தால் அடங்கும். நுரை தணிந்து கொதி நிலைபெற்ற பிறகு 15 கிராம் ஹாப்ஸைப் போட்டு 60 நிமிடம் மூடாமல் கொதிக்கவிட வேண்டும். ஹாப்ஸிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் நீண்ட கொதியில்தான் கசப்பாக மாறும். மணம் தரும் எண்ணெய்களோ அதே கொதியில் ஆவியாகிவிடும். இதனால்தான் கடைசி 10 நிமிடத்தில் 10 கிராமும், அடுப்பை அணைத்ததும் மீதி 10 கிராமும் சேர்க்கிறோம். ஒரு எச்சரிக்கை: வடிகட்டிய ஹாப்ஸ் சக்கை நாய்களுக்கு நஞ்சு. வீட்டில் நாய் இருந்தால் சக்கையை எட்டாத இடத்தில் போட வேண்டும்.

அடுத்து, பாத்திரத்தைப் பனிக்கட்டி கலந்த தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வோர்ட்டை விரைவாகக் குளிர்விக்க வேண்டும். தொட்டி நீரை இரண்டு மூன்று முறை மாற்றினால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் 20 டிகிரிக்கு வந்துவிடும்.

முதல் மூன்று நாட்கள்

குளிர்ந்த வோர்ட்டைச் சற்று உயரத்திலிருந்து வாளியில் ஊற்ற வேண்டும். அப்போது கலக்கும் காற்று ஈஸ்ட் பெருக உதவும். பீருக்குக் காற்று நன்மை செய்யும் தருணம் இது ஒன்றே. நொதித்தல் தொடங்கிய பிறகு கலக்கும் ஆக்ஸிஜன் பீரை நனைந்த அட்டைப்பெட்டியின் வாடைக்குக் கொண்டுபோய் விடும். சிறிதளவு வோர்ட்டை எடுத்து ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு ஒப்படர்த்தியை, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தியை, குறித்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன அளவுகளுக்கு அது 1.045ஐ ஒட்டி இருக்கும். பிறகு ஈஸ்ட்டைத் தூவி, மூடியை இறுக்கி, ஏர்லாக்கில் நீர் ஊற்றி வைக்கலாம். 11 கிராம் பொட்டலம் 20 லிட்டருக்கானது. இங்கே பாதி போதும், முழுவதையும் போட்டாலும் கெடுதல் இல்லை.

பெரும்பாலான ஏல் ஈஸ்ட்டுகளுக்கு உகந்த வெப்பம் 18 முதல் 21 டிகிரி. இது அறையின் வெப்பமன்று, வாளிக்குள் இருக்கும் திரவத்தின் வெப்பம். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் வீணானவை ஏராளம். நொதித்தல் தானே வெப்பத்தை வெளியிடுகிறது. மும்முரமான நாட்களில் உள்ளே இருக்கும் திரவம் அறையைவிட மூன்று நான்கு டிகிரி அதிகச் சூட்டில் இருக்கக்கூடும். அறை 24 டிகிரி என்றால் ஈஸ்ட் 27 டிகிரியில் வேலை செய்கிறது என்று பொருள். ஈஸ்ட் பெருகும் முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் சுவையைத் தீர்மானிக்கும் பல சேர்மங்கள் உருவாகின்றன. அப்போது சூடு கூடினால் பெயின்ட் தின்னரை நினைவூட்டும் காரமான ஆல்கஹால்கள் சேரும். பிறகு எவ்வளவு குளிர்வித்தாலும் அவை போகா.

இதற்குக் குளிர்பெட்டி வேண்டியதில்லை. வாளியை ஓர் அகலமான தொட்டியில் வைத்து, வோர்ட்டின் மட்டம்வரை தண்ணீர் நிரப்பி, வாளியைச் சுற்றி ஈரத் துண்டைப் போர்த்தி, உறையவைத்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றிப்போட்டால் போதும். மூன்று நான்கு நாட்களுக்குப் பிறகு பனிக்கட்டியை நிறுத்திவிட்டு 21, 22 டிகிரிக்கு உயர விடலாம். அந்த மிதமான சூட்டில் ஈஸ்ட் தான் உண்டாக்கிய வெண்ணெய் வாடையைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். குளிர்விக்க வழியே இல்லாத இடத்தில் இருப்பவர்கள், நார்வே பண்ணை வீடுகளில் தலைமுறைகளாகக் காப்பாற்றப்பட்டு வந்த க்வெய்க் ஈஸ்ட்டைத் தேடலாம். அதன் பல வகைகள் 30 டிகிரிக்கு மேலும் சுத்தமான சுவையையே தருகின்றன. லாகர் வகைகளை முதலில் தொட வேண்டாம். அந்த ஈஸ்ட் 10 டிகிரியை ஒட்டிய குளிர் கேட்கும்.

பாட்டிலில் அடைத்தல்

ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டால் நொதித்தல் முடிந்துவிட்டது என்று நம்பியவன் நான். முதல் தடவை ஆறாம் நாளே, ஹைட்ரோமீட்டரை எடுத்துப் பார்க்காமல், பாட்டில்களில் அடைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். இரண்டாவது வாரத்தில் ஒரு நள்ளிரவில் ஏதோ வெடித்த சத்தம் கேட்டு ஓடினால், அலமாரிக் கதவின் உட்புற மரத்தில் கண்ணாடிச் சில்லுகள் குத்தி நின்றன. நொதித்தல் முடியாமலே அடைத்ததால் பாட்டிலுக்குள் வாயு ஏறி வெடித்திருந்தது. எஞ்சிய பாட்டில்களைத் தடித்த போர்வையால் மூடி எடுத்து, குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்து, கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து சாக்கடையில் கொட்டினேன். ஏர்லாக் மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் குமிழி வராது. அறை சூடானால் நொதித்தல் முடிந்த பின்னும் குமிழி வரும். அது சாட்சி ஆகாது.

இரண்டு வாரம் கழித்து ஒப்படர்த்தியை அளந்து, மூன்று நாள் விட்டு மறுபடி அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அடைக்க வேண்டும். இந்தப் பீருக்கு அது 1.010 முதல் 1.013 வரை வந்து நிற்கும். தொடக்க அளவிலிருந்து இறுதி அளவைக் கழித்து 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் கிடைக்கும்: 1.045இலிருந்து 1.012க்கு இறங்கியிருந்தால் ஏறத்தாழ 4.3.

பீரில் வாயு ஏறுவதற்கு லிட்டருக்கு 6 கிராம் சாதாரணச் சர்க்கரை வேண்டும். வாளியின் அடிக்கசடை விட்டுவிட்டால் சுமார் 9 லிட்டர் தேறும். அதற்கு 54 கிராம். கண்ணளவு இங்கே உதவாது, தராசில் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, கிருமிநீக்கிய இன்னொரு வாளியில் ஊற்றி, அதன் மேல் பீரைச் சைஃபன் குழாயால் சலசலப்பின்றி இறக்கினால் தானாகவே கலந்துவிடும். குழாயின் முனை எப்போதும் திரவத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும். பாட்டிலின் கழுத்தில் இரண்டு விரல் அளவு இடம் விட்டு மூடியை அழுத்த வேண்டும். அழுத்தம் தாங்கும் பீர் பாட்டில்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும்; அவை பழுப்பு நிறத்தில் இருப்பது நல்லது, ஏனெனில் ஒளி பட்டால் ஹாப்ஸ் சேர்மங்கள் சிதைந்து குமட்டும் நாற்றம் வரும். கூடவே ஒரு சோடா பிளாஸ்டிக் பாட்டிலிலும் அடைத்து வைத்தால், அதை அமுக்கிப் பார்த்தே உள்ளே வாயு ஏறியிருப்பதைத் தெரிந்துகொள்ளலாம்.

அறை வெப்பத்தில் இருண்ட இடத்தில் இரண்டு வாரம் வைத்து, குளிர்பெட்டியில் இரண்டு நாள் நிறுத்திய பிறகு திறக்கலாம். பச்சை ஆப்பிள் வாசம் வந்தால் பீர் இன்னும் பக்குவப்படவில்லை. மற்ற பாட்டில்களை மேலும் இரண்டு வாரம் விட்டுவைக்க வேண்டும். எதிர்பாராத புளிப்பு அடித்தால் கிருமிநீக்கத்தில் எங்கோ ஓட்டை. வாளியின் கீறல்களையும் குழாயின் உட்புறத்தையும் முதலில் சந்தேகிக்கலாம். ஊற்றும்போது குவளையைச் சாய்த்துப் பிடித்து, நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் ஊற்ற வேண்டும். நிறுத்தி நிமிர்த்தினால் அடியில் படிந்த ஈஸ்ட் எழுந்து கலங்கிவிடும். கடைசி ஒரு விரல் அளவைப் பாட்டிலிலேயே விட்டு, ஈஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொள்வதற்கு முன் அப்போதே வெந்நீர் ஊற்றி அலசி வைக்க வேண்டும்.