பின்லாந்து, சுவீடன் காகித ஆலைகளின் உற்பத்தித்திறனை ஒப்பிடுவது எப்படி?

மொத்த டன்னை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து "இந்த நாடுதான் கெட்டி" என்று முடிவுகட்டாதீர்கள். எல்லோரும் தடுக்கி விழும் இடம் அதுதான்.

ஒரு மெஷினை எடுத்துக்கொள்வோம். அகலம் 8 மீட்டர், வேகம் நிமிடத்துக்கு 1,500 மீட்டர். அதில் 45 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) நியூஸ்பிரின்ட் ஓட்டினால் மணிக்குச் சுமார் 32 டன் வரும், அதே வேகத்தில் 80 ஜி.எஸ்.எம். தாள் ஓட்டினால் 57 டன்னைத் தாண்டிவிடும். ஆட்கள் அதே ஆட்கள், ஷிஃப்டும் அதே ஷிஃப்ட். அதனால் முதல் வேலை, ரகவாரியாகப் பிரிப்பது. காகிதத்துக்கு மூலப்பொருளான மரக்கூழைத் தனியாக வையுங்கள், அதுவும் வெளியே விற்கிற கூழை மட்டும். ஒரே வளாகத்தில் கூழ் காய்ச்சி அப்படியே காகித மெஷினுக்கு அனுப்பும் ஆலையில் இரண்டையும் கூட்டினால் ஒரே சரக்கை இருமுறை எண்ணியதாகிவிடும். கூழ் டன் என்றால் 10% ஈரம் சேர்ந்த டன்னா, முழுக்க உலர்ந்த டன்னா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து ஆட்கள். ஐரோப்பியத் தொழில் வகைப்பாட்டில் (NACE) காகிதத்துக்கான பிரிவு 17-ஐ முழுசாக எடுத்தால் அட்டைப்பெட்டி செய்பவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள், கூழும் காகிதமும் தயாரிப்பவர்கள் மட்டும் உள்ள 17.1 போதும். தலைக்கணக்கு வேண்டாம், வேலை செய்த மணிநேரம் வேண்டும். பராமரிப்பைக் கான்ட்ராக்டுக்கு விட்ட ஆலையில் அந்த ஆட்கள் கணக்கிலேயே இருக்க மாட்டார்கள் என்பதால், முடிந்தால் அவர்களையும் சேருங்கள்.

ஒரே ஒரு ஆண்டை எடுக்கவே கூடாது. 2005-இல் பின்லாந்தின் காகித ஆலைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடந்தன, 2022-இல் யு.பி.எம். என்ற பின்லாந்து நிறுவனத்தின் ஆலைகளில் ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை வேலைநிறுத்தம். ஐந்தாண்டுச் சராசரிதான் பாதுகாப்பு.

சரி, பணம்? பின்லாந்தில் யூரோ, சுவீடனில் குரோனா. குரோனா சரிந்த ஆண்டில், யூரோவில் பார்த்தால் சுவீடன் தொழிலாளி திடீரென மந்தமானவர் போலத் தெரிவார், ஆலையில் எதுவுமே மாறியிருக்காது. வளர்ச்சியைப் பார்க்க அவரவர் நாணயத்தில் நிலையான விலைகளை (எல்லா ஆண்டுக்கும் ஒரே ஆண்டின் விலை) வைத்துக் கணக்கிடுங்கள். இரு நாடுகளில் எது உயர்ந்த மட்டத்தில் இருக்கிறது என்று ஒப்பிட, நாட்டுக்கு நாடு மாறும் பொதுவான விலைவாசியை வைத்துத் திருத்தும் வாங்கும் சக்திக் கணக்கை அப்படியே ஒட்ட வேண்டாம். கூழ் உலகச் சந்தையில் டாலரில் விலைபோகும் சரக்கு, ஹெல்சின்கியில் காபி என்ன விலை என்பதை வைத்து அதைத் திருத்தினால் கணக்கு கோணிவிடும்.

இவ்வளவுக்கும் அப்புறம் இடைவெளி மிஞ்சினால் ஆலைகளின் வயதைப் பாருங்கள். பின்லாந்தில் 2017-இல் திறந்த எனெகோஸ்கி கூழ் ஆலை ஒன்றே ஆண்டுக்கு 13 லட்சம் டன் கூழ் தரக்கூடியது. அதைச் சேர்த்து ஒரு தடவை, விட்டுவிட்டு ஒரு தடவை கணக்குப் போடுங்கள்.