சேற்றுக்கு ஒரு ஷூ, ஈரப் பாறைக்கு ஒரு ஷூ: இலையுதிர்கால ஃபெல் ஓட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட இங்கிலாந்தில் மலைகளை ஃபெல் என்பார்கள். அவற்றில் ஏறி இறங்கி ஓடுவது ஃபெல் ரன்னிங். ரோடு கிடையாது. பல இடங்களில் ஒற்றையடிப் பாதைகூடக் கிடையாது. ஒரு செக்பாயிண்டிலிருந்து அடுத்ததற்கு எந்த வழியாகப் போவது என்பது பெரும்பாலும் ஓடுபவர் பாடு. ஃபெல் ரன்னர்ஸ் அசோசியேஷன் ஒரு பந்தயத்தை ஏற்றம் மிகுந்த ‘ஏ’ பிரிவில் சேர்க்க வேண்டுமானால் கிலோமீட்டருக்குச் சராசரியாக 50 மீட்டராவது ஏற்றம் இருக்க வேண்டும். மான்செஸ்டர், லீட்ஸ் பக்கம் வேலைக்கு வந்த நம்மவர்கள் சிலர், பூங்கா ஓட்டம், அரை மாரத்தான் எல்லாம் முடித்துவிட்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஜூன் மாதத்தில் ஓடிய அதே ஷூவோடும் அதே நினைப்போடும் அக்டோபரில் வந்தால், முதல் இறக்கத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

வடமேற்கு இங்கிலாந்தின் மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டில் சீத்வெயிட் என்றொரு குக்கிராமம். ஆண்டுக்குச் சுமார் 3,500 மி.மீ. மழை பெய்யும், இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் இடங்களில் அதிக மழை அங்கேதான். இலையுதிர்காலம் வந்துவிட்டால் மலைமேல் மண் நீர் குடித்து ஊறிப்போயிருக்கும். கோடையில் இடுப்புயரம் நின்ற பெரணிகள் பழுத்துச் சாய்ந்து பாதையையும் அதிலுள்ள கற்களையும் மூடிவிடும். பாறைகளில் பாசி படியும்.

இந்த நிலைமையைக் கேள்விப்பட்டவுடன் எல்லாரும் செய்யும் முதல் காரியம், வாட்டர்ப்ரூஃப் ஷூ தேடுவது. கடையில் கோர்டெக்ஸ் (நீர் புகாத சவ்வு வைத்த துணி) முத்திரை கண்ணில் பட்டதும் மனசு நிம்மதியாகிவிடுகிறது. ஈரமான புல்லில் நாயோடு நடக்க அது அருமையான ஷூ. சதுப்பில் ஓட அல்ல. முழங்கால்வரை காலை இழுக்கும் சதுப்பில் தண்ணீர் துணி வழியாக வருவதில்லை, கணுக்கால் வழியாக மேலிருந்து கொட்டுகிறது. உள்ளே வந்ததை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அந்தச் சவ்வின் வேலையாகிவிடும். மீதி தூரம் முழுக்கக் காலுக்கொரு குளம். கால் நனையத்தான் போகிறது. உள்ளே வந்த நீர் பத்து எட்டு வைப்பதற்குள் வெளியேற வேண்டும், அவ்வளவுதான். ஆகவே மெல்லிய வலைத்துணி ஷூ, உள்ளே கம்பளி சாக்ஸ். கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்பாக இருக்கும். பருத்தி சாக்ஸை வீட்டில் வைத்துவிடுங்கள்; நனைந்தால் குளிரும், கொப்புளம் போடும்.

இரண்டாவது தவறு இதைவிட நுட்பமானது, அனுபவசாலிகளும் செய்வது. ஷூவின் அடியில் ரப்பர் பற்கள் எவ்வளவு ஆழமோ அவ்வளவு பிடிப்பு என்று நம்புவது.

சேற்றில் அது உண்மைதான். பல் சேற்றுக்குள் இறங்கி, அடியிலுள்ள கெட்டியான மண்ணைக் கவ்வ வேண்டும். அதற்கு 6 முதல் 8 மி.மீ. ஆழம் வேண்டும், பற்களுக்கிடையே தாராளமான இடைவெளியும் வேண்டும். இடைவெளி குறைந்தால் சேறு அப்பிக்கொண்டு அடிப்பாகம் வழவழவென்று ஆகிவிடும். அதன் பிறகு பல் இருந்தும் இல்லாத மாதிரி. இனோவ்-8 நிறுவனத்தின் மட்கிளா போன்ற 8 மி.மீ. பல் கொண்ட ஷூக்கள் இப்படிப்பட்ட தரைக்காகவே செய்யப்பட்டவை. செங்குத்தான ஈரப் புல்சரிவில் அவற்றுக்கு ஈடு கிடையாது.

அதே ஷூவோடு ஈரப் பாறையில் காலை வையுங்கள். பாறைக்குள் பல் இறங்காது. நுனிகள் மட்டும் தொடும். தொடும் பரப்பு குறைவு; உயரமான பற்கள் எடை ஏறியதும் பக்கவாட்டில் மடங்கவும் செய்யும். பாறையில் பிடிப்பைத் தருவது பல்லின் ஆழம் அல்ல, ரப்பரின் மென்மை. மென்மையான ரப்பர் பாறையின் சொரசொரப்புக்குள் அழுந்திப் பிடித்துக்கொள்ளும். கடினமான ரப்பர் மேலோடு சறுக்கும். குளிரில் ரப்பர் இன்னும் கொஞ்சம் இறுகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபின்லாந்தின் வி.ஜே. ஷூக்களுக்கு ஃபெல் ஓட்டக்காரர்களிடையே இவ்வளவு பேர் கிடைத்ததற்குக் காரணம், அவற்றின் பியூட்டைல் ரப்பர் ஈரப் பாறையில் ஒட்டுகிற விதம். மென்மையான ரப்பருக்கு ஒரு விலை உண்டு, சீக்கிரம் தேயும். கார் நிறுத்துமிடத்திலிருந்து மலையடிவாரம் வரை தார் ரோட்டில் தினமும் ஓடினால் ஒரே பருவத்தில் பல் மொட்டையாகிவிடும். பிடிப்பும் உழைப்பும் ஒன்றாக வேண்டும் என்றுதான் 2018-ல் இனோவ்-8, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ரப்பரில் கிராஃபீன் என்ற மிக உறுதியான கார்பன் பொருளைக் கலந்து பார்த்தது.

ஆக, ஷூ வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி: நான் ஓடப்போகும் மலையில் காலடியில் என்ன இருக்கிறது? லேக் டிஸ்ட்ரிக்டின் நடுப்பகுதியில், ஸ்காஃபெல் பைக், லாங்டேல் பக்கமெல்லாம் பழைய எரிமலைப் பாறை, உச்சிகளில் கற்குவியல். அக்டோபரில் நடக்கும் லாங்டேல் பந்தயம் பாதி பாறைமேல்தான். அதற்கு 5, 6 மி.மீ. பல்லும் ஒட்டும் ரப்பரும் போதும். வடக்கே ஸ்கிடாவ் பக்கம் போனால் ஸ்லேட்டும் புல்சரிவும். யார்க்‌ஷயர் டேல்ஸில் சுண்ணாம்புப் பாறை. நடந்து நடந்து பளபளப்பாகிவிட்ட அந்தக் கற்கள் மழையில் சோப்புதான். பீக் டிஸ்ட்ரிக்டின் சொரசொரப்பான மணற்கல் மாறாக நனைந்தாலும் ஓரளவு பிடி கொடுக்கும், ஆனால் அங்கே சுற்றிலும் கரிச்சேறு, அதாவது செடிகள் மக்கிய கறுப்புச் சேறு. ஒரே ஷூதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு ஒட்டும் ரப்பருக்கு. சேற்றில் விழுந்தால் துணி அழுக்காகும், பாறையில் விழுந்தால் மணிக்கட்டு போகும்.

எந்த ரப்பரும் காப்பாற்றாத இடங்களும் உண்டு: பாசி படிந்த மரப்பாலம், வேலியைத் தாண்டும் மரப்படி, கறுத்து எண்ணெய் தடவிய மாதிரி மின்னும் கல். அங்கே நடந்துவிடுங்கள். நான்கு வினாடி நஷ்டம்.

“1932-ல் பாப் கிரஹாம் லேக் டிஸ்ட்ரிக்டின் 42 சிகரங்களை 24 மணி நேரத்துக்குள் ஓடி முடித்தபோது டென்னிஸ் ஷூ அல்லவா போட்டிருந்தார்?” என்று கேட்கும் ஆள் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார். அவர் ஓடியது ஜூன் மாதம். உள்ளூர் மலைகளை உள்ளங்கை போல அறிந்தவர் வேறு.

ரோட்டு ஓட்டத்தில் இப்போது தடித்த ஸ்பாஞ்ச் வைத்த ஷூதான் மோகம். ஃபெல் சரிவில் அது ஆபத்து. பாதம் தரையிலிருந்து உயரே போகப் போகக் கணுக்கால் மடங்குவது சுலபமாகும். பெரணிக்கு அடியில் ஒளிந்திருக்கும் கல்லைக் கால் உணரவும் முடியாது. மெல்லிய அடிப்பாகம் முதல் சில வாரம் வலிக்கும். பழகட்டும், தூரத்தை மெதுவாகக் கூட்டுங்கள்.

அளவு விஷயத்திலும் ரோட்டு யோசனை உதவாது. கட்டைவிரல் அகலத்துக்கு இடம் விட்டு வாங்கினால், மலையின் பக்கவாட்டில் குறுக்காக ஓடும்போது பாதம் ஷூவுக்குள்ளேயே வழுக்கும். பக்கங்களும் குதிகாலும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். முன்னால் மட்டும், இறக்கத்தில் நகம் இடிக்காத அளவு இடம். ஓடப்போகும் சாக்ஸோடு போய், கடையில் சாய்தளம் இருந்தால் அதில் கீழ்நோக்கி நின்று பாருங்கள். லேஸை இரட்டை முடிச்சுப் போட்டு நுனியைச் செருகிவிடுங்கள். சதுப்பு ஷூவைக் கழற்றிக்கொண்டால், குளிர்ந்த கரிச்சேற்றில் தோள்வரை கையை விட்டுத் துழாவ வேண்டியிருக்கும்.

இறங்கும்போது பயத்தில் பின்னால் சாய்வது எல்லாருக்கும் வருவதுதான். சாய்ந்தால் எடை குதிகாலுக்குப் போகும், முன்பாதத்துப் பற்களுக்கு வேலை இருக்காது, கால் முன்னால் வழுக்கி ஆள் மல்லாந்துவிடுவார். முழங்காலைத் தளர்த்தி, உடம்பைக் கால்களுக்கு மேலேயே வைத்து, சின்னச் சின்ன எட்டாக வேகமாக வையுங்கள். பார்வை நாலைந்து எட்டு முன்னால் இருக்கட்டும். சதுப்பில் பளிச்சென்று பச்சையாகத் தெரியும் பாசிமெத்தையை நம்பாதீர்கள், அதுதான் ஆழம். கோரை முளைத்த திட்டுகள் பரவாயில்லை.

ஷூவில் இவ்வளவு கவனம் செலுத்திவிட்டுப் பையைக் காலியாகக் கொண்டுபோவது இன்னொரு தவறு. ஓடும்வரை சூடு இருக்கும். கணுக்கால் பிசகி உட்கார்ந்தால், நனைந்த உடம்பு காற்றில் சில நிமிடங்களில் நடுங்கத் தொடங்கும். தலைமூடியோடு மழைச்சட்டை, மழைக்கால்சட்டை, தொப்பி, கையுறை, வரைபடம், திசைகாட்டி, விசில், கொஞ்சம் உணவு: பந்தயங்களில் இவற்றைக் கட்டாயமாக்குவது சும்மா அல்ல. 2008 அக்டோபரில் லேக் டிஸ்ட்ரிக்டின் போரோடேலில் நடந்த இரண்டு நாள் போட்டியான ஒரிஜினல் மவுண்டன் மாரத்தான், பேய்மழையும் வெள்ளமுமாகப் பாதியில் நின்றது. நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்று அன்றிரவு செய்திகள் பதறின. மறுநாள் எல்லாரும் கணக்கில் வந்துவிட்டார்கள். அந்தப் போட்டியின் விதிப்படி டென்ட்டும் உணவும் அவர்கள் முதுகிலேயே இருந்தன.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அதன் பிறகு லேக் டிஸ்ட்ரிக்டின் கெஸ்விக் ஊரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மதியம் கிளம்புபவர் தலைவிளக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். உதவி தேவைப்பட்டால் நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. போனில் சிக்னல் கிடைத்தால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலைமீட்புக் குழு என்று கேட்க வேண்டும்.

வீடு திரும்பியதும் சேற்றைக் காயவிடாமல் குழாயடியிலேயே கழுவிவிடுங்கள். காய்ந்தால் துணி விறைத்து வெடிக்கும். ரேடியேட்டர் மேல் வைத்தால் பசை விட்டுச் சோல் பிரியும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை தாளை மாற்றிக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் பெரும்பாலும் மறுநாளே போட்டுக்கொள்ளலாம்.